மூன்று வருடக் குட்டை

"செத்தாலும் அந்தக் குட்டையில எறங்க மாட்டேன்!" என்று பக்கிரி சத்தியம் செய்தபோது அவர் கையில் அரை இட்லி இருந்தது. இட்லியின் மேல் சத்தியம் செய்த முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார்.

குட்டை வேறெங்கும் இல்லை, அவர் வீட்டு வாசலுக்கு எதிரேதான். சேதராப்பட்டுப் பக்கம் புதிதாக முளைத்த நகர். நாற்பது வீட்டு மழைத்தண்ணீரும் அந்தக் குட்டையில் வந்து விழுந்து, ஒரு குழாய் வழியாக ஓடைக்குப் போக வேண்டும். மனை விற்றவர் அதை 'ஏரிக்கரை' என்று நோட்டீஸில் போட்டு, எல்லாவற்றையும் விற்று முடித்ததும் செல்போன் நம்பரை மாற்றிக்கொண்டார். இப்போது தண்ணீரே கண்ணில் படாது. கரைக்குக் கரை ஆகாயத்தாமரை. பச்சைப் புல்வெளி என்று நம்பிக் கால் வைத்த மாட்டை ஏழு பேர் கயிறு கட்டி இழுத்தார்கள்.

போன ஐப்பசியில் குழாய் வாய் அடைத்துக்கொண்டது. குட்டை நேராக அவர் மனைவி தையல்நாயகியின் சமையலறைக்கு வந்துவிட்டது. காலி சிலிண்டர் மிதந்து ஹாலுக்கு வந்து டிவி பார்த்தது. சாம்பார்ச் சட்டியில் தலைப்பிரட்டை குடியேறியது.

"இந்த வருஷமும் அந்தத் தண்ணியில நின்னு என்னால சமைக்க முடியாது. மழ புடிக்கறதுக்குள்ள எறங்கி அந்தக் கொழா வாய எடுத்து வுடுங்க."

"மனய வித்தவன் வந்து எறங்கட்டும்."

"அவருக்குப் போனே போவலியே."

"அப்ப குட்டையும் போவாது!"

பக்கிரி பன்னிரண்டு வயதில் ஆணி பொறுக்கத் தொடங்கி, நாலு இடத்தில் ஏமாந்து, ஐந்தாவது இடத்தில் விவரமாகி, சொந்தமாகப் பழைய இரும்புக் கடை வைத்தவர். பேரம் என்று வந்துவிட்டால் அவருக்குத் தெரியாத ஒரே வார்த்தை 'வேண்டாம்'. யார் எதைச் சொன்னாலும் 'கொறை' என்பதுதான் வாயில் வரும். டாக்டர் ஐந்து நாள் மாத்திரை எழுதினால் மூன்று நாளில் முடிப்பார். கோயிலில் பதினொரு சுற்று என்று வேண்டிக்கொண்டு அம்மனிடம் பேசி ஏழில் நிறுத்துவார். இந்தக் காட்சியைத் தையல்நாயகி இருபத்திரண்டு வருடமாக ஓசியில் பார்த்து வருகிறாள்.

இரண்டு நாள் கழித்து, சோறு வடித்தபடியே சொன்னாள்.

"ஏங்க, சங்கக் கூட்டத்துல குட்டைக்கு ஒங்களப் பொறுப்பாப் போட்டுட்டாங்க. மூணு வருஷம். வாராவாரம் ஞாயித்துக்கெழம."

"என்னாது?"

"முசியே எழுதியே வெச்சிருக்காரு. தாமர புடுங்கறது, கொழா வாயி, கொசு மருந்து, வேலிக்குப் பெயிண்டு, எல்லாம் நீங்கதானாம்."

"என்னக் கேக்காம எவன்டி முடிவு பண்றது?"

"நானும் சண்ட போட்டேங்க. அவருக்கு அங்கெல்லாம் வந்து பேசத் தெரியாது, வுட்டுருங்கன்னு கெஞ்சனேன்."

"எனக்குப் பேசத் தெரியாதா?"

லுங்கி முழங்காலுக்கு மேல் ஏறியது. செருப்பு படபடவென்று முசியே வீட்டுக்குப் பறந்தது.

முசியே என்பது நகர் சங்கத் தலைவர் சந்திரமோகன். பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ரிட்டையரானவர். வராந்தாவில் கையில் ஒரு காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"மூணு வருஷம், பக்கிரி சார். இதுல பேச்சே இல்ல."

"பேச்சே இல்லன்னா எதுக்கு எனக்கு நாற்காலி போட்டீங்க? ஒரு வருஷம்."

"ரெண்டர."

"முசியே, நான் இரும்ப ஒடைக்கறவன். ஆறு மாசம். கொசு மருந்த எடுங்க. பெயிண்ட எடுங்க."

முசியே முடியாது என்று தலையை ஆட்டினார். பக்கிரி தம் கடைசி ஆயுதத்தை எடுத்தார். எழுந்தார். கழற்றிய செருப்பை மாட்டினார். கேட்டைப் பார்த்து நடந்தார். கேட்டுக்குப் பத்தடி. அதற்குள் திருப்பிக் கூப்பிடாதவன் இரும்பு வியாபாரத்திலேயே கிடையாது.

ஏழாவது அடி. சத்தமில்லை. ஒன்பதாவது. கொண்டியில் கை வைத்தார். அப்படியே வீட்டுக்குப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"சார், சார்! வாங்க, பேசிக்கலாம்!"

முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் திரும்ப பக்கிரி பட்ட பாடு பெரும்பாடு. மூன்று மாதம், ஒன்று விட்டு ஒரு ஞாயிறு, தாமரையும் குழாய் வாயும் மட்டும். கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டார்.

"தையலு! மூணு வருஷத்த மூணு மாசமா நசுக்கிட்டேன்!"

"அடேங்கப்பா! முசியே என்னா சொன்னாரு?"

"என்னா சொல்லுவாரு? கண்ணு கலங்கிட்டாரு."

தையல்நாயகி சேமியா பாயசம் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. பக்கிரி இடுப்பளவு சேற்றில் நின்றார். ஒரு கொத்துத் தாமரையைப் பிடுங்கினால் பின்னாலேயே அதன் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் வந்தார்கள். அட்டை ஒன்று கெண்டைக்காலில் உரிமையோடு உட்கார்ந்தது. கரையில் பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் பல் விளக்கிக்கொண்டிருந்தார். கடலோரப் பிள்ளைச்சாவடிக்காரர், தண்ணீர் என்றால் வேடிக்கை பார்க்காமல் இருக்க மாட்டார்.

"ண்ணே, மூணு மாசத்துக்கு ஒத்துக்கிட்டீங்களாமே! பெரிய மனசுண்ணே ஒங்களுக்கு!"

"மூணு வருஷம் கேட்டானுங்க. நான் வுடுவனா?"

"யாரு கேட்டா? வூட்டுக்கு ஒரு ஆளு, முற வெச்சி ஆளுக்கு ஒரு ஞாயித்துக்கெழமன்னுதான கூட்டத்துல முடிவாச்சி. நீங்கதான் வர்ல, அக்கா வந்துச்சே."

பக்கிரியின் கையிலிருந்த தாமரை நழுவியது. முசியே கையில் இருந்த காகிதம் இப்போதுதான் அவர் கண்முன் ஒழுங்காகத் தெரிந்தது. மாதா மாதம் மளிகைச் சீட்டில் பார்க்கிற தையல்நாயகியின் அதே கையெழுத்து.

தையல்நாயகி டீயோடு கரைக்கு வந்தாள். பின்னால் குழாய் வாய் திறந்து, தண்ணீர் குளுகுளுவென்று ஓடைப் பக்கம் ஓடத் தொடங்கியிருந்தது. பக்கிரி கத்தவில்லை. ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியிடம் கேட்கிற மரியாதையோடு கேட்டார்.

"நெசத்தச் சொல்லு தையலு. கடைசியா எவ்ளோக்குப் படிஞ்சிருப்ப?"

அவள் டீயை ஆற்றி நீட்டினாள்.

"இன்னிக்கு ஒரு நாளு எறங்கி, மத்தியானச் சோத்துக்குள்ள கரையேறிட்டீங்கன்னா போதும்னுதாங்க இருந்தேன்."