உள்ளூர்க்காரர்கள் போகும் இடம்

"நாலாவது ஹோட்டலையும் வேண்டாம்னுட்டீங்க. மணி ரெண்டாகப் போகுது," என்றாள் மனைவி.

"வாசல்லயே சாப்பாட்டுப் படம் ஒட்டியிருக்கான். டூரிஸ்ட் தலையில மிளகாய் அரைக்கிற கடை," என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முப்பது வருடம் எதிர்ப்பேச்சே கேட்டறியாத காது அவருடையது.

சந்தையில் நாலு ஆப்பிளாவது வாங்கலாம் என்றாள். "வாங்க சார், எந்த ஊரு?" என்று பழக்காரர் சிரித்ததுதான் தாமதம், அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"ஊரை விசாரிக்கிறவன் ஊருக்குத் தகுந்த விலை வைப்பான். உள்ளூர்க்காரன் எங்க வாய் வைக்கிறானோ, அங்கதான் நாமளும்."

நாலு சந்து தாண்டி அப்படி ஓர் இடம் அகப்பட்டது. திறந்த கதவு, நீள பெஞ்சு, அதில் எட்டுப் பேர். ஒரு முகத்தில்கூட உல்லாசம் இல்லை. சந்தேகமே வேண்டாம், உள்ளூர்க்காரர்கள்தான்.

"போர்டே இல்லையே?"

"நல்ல சரக்குக்கு எதுக்குடி போர்டு?"

பெஞ்சில் இடம் பிடித்து, பக்கத்தில் இருந்தவரிடம் கூட்டத்தைப் பற்றி விசாரித்தார்.

"ரெண்டு வாரம் முன்னாடியே பேர் குடுக்கணும் சார். ராத்திரியிலேருந்து பட்டினி."

"கேட்டியா? பட்டினி கிடந்து வராங்க!"

தலையில் வலைத்தொப்பி மாட்டிய பெண் எட்டிப் பார்த்தாள். "மூணாம் நம்பர்! வெறும் வயிறுதானே? ஏதாவது சாப்பிட்டிருந்தா தரமாட்டோம்."

மூணாம் நம்பர் வந்திருக்கவில்லை. கூச்சமே இல்லாமல் தலைமையாசிரியர் கையைத் தூக்கினார்.

"அப்ப எனக்கு?" என்றாள் மனைவி.

"முதல்ல நான் ருசி பார்த்துச் சொல்றேன்."

பெரிய டம்ளரில் வெள்ளையாக, கெட்டியாக ஏதோ வந்தது. கண்ணை மூடி உறிஞ்சினார். முகம் ஒரு கணம் கோணி, நிமிர்ந்தது.

"கலப்படமே இல்லாத ருசி!"

அவள் முகர்ந்து பார்த்தாள். "சாக்பீஸ் வாடை அடிக்குதுங்க."

"முப்பது வருஷம் சாக்பீஸோட குடும்பம் நடத்தினவன் நான். எனக்கே சொல்றியா?" என்றவர், வீம்புக்காகவே டம்ளரைக் காலி செய்து நீட்டினார். "இன்னொண்ணு கிடைக்குமாம்மா?"

வலைத்தொப்பிப் பெண் திகைத்தாள். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்."

"நாக்கு செத்தவங்க. நீ கொண்டா."

இரண்டாவதையும் சொட்டு மிச்சமில்லாமல் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, மனைவியை ஜெயித்த பார்வை பார்த்தார்.

உள்கதவு திறந்தது. அதே பெண் உற்சாகமாகக் கூப்பிட்டாள்:

"மூணாம் நம்பர், சட்டையைக் கழட்டிட்டு எக்ஸ்ரே மேசையில படுங்க! ரெண்டு டம்ளர் மருந்து குடிச்சிருக்கீங்க, டாக்டருக்கு உங்க குடல் கடைசி வரைக்கும் பளிச்சுனு தெரியும்!"