மாடு, பனை, வள்ளம்

நான் ஆட்களை அழித்திருக்கிறேன். ஒருவர் இருவரை அல்ல, நெடுந்தீவில் முப்பத்தேழு குடும்பங்களை, ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால். (சாப்பாடும் நன்றாகத்தான் இறங்கியது.)

எண்பதுகளின் கடைசி. கொழும்பில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கரம்பொன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். ஊர்காவற்றுறையில் ஒரு நிவாரண அலுவலகத்துக்கு யாரோ ஒரு கம்ப்யூட்டரை அன்பளிப்புச் செய்ய, அதை இயக்க ஆளில்லாமல் என்னை எடுத்தார்கள். பெட்டிக்குத் தூசி ஆகாதென்று எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் என் அறைக்குள் வரவேண்டும். பொறுப்பதிகாரியும்தான்.

அதுவரை தீவுக் குடும்பங்களின் விவரமெல்லாம் எழுதுவினைஞர் இராசநாயகம் அண்ணையின் பதிவேட்டில் இருந்தன. மனுசன் சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்னப் படம் கீறி வைத்திருந்தார். ஒரு மாடு, ஒரு பனை, ஒரு வள்ளம். வேலையில்லாத நேரத்தில் கீறியது என்று நினைத்தேன். கேட்கலாம்தான். ஆனால் கம்ப்யூட்டர் படித்தவள் போய்ப் பென்சில்காரரிடம் சந்தேகம் கேட்பதா? படங்களை விட்டுவிட்டுப் பெயர், ஊர், ஆட்தொகை மட்டும் ஏற்றினேன்.

ஒரு கோப்பில் குடும்பங்கள், இன்னொன்றில் அவர்களுக்குரிய பொருட்கள். இரண்டையும் இணைக்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி இலக்கம் கொடுக்க வேண்டும் என்று வகுப்பில் தலைதலையாய் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார்கள். பெயர் இருக்க இலக்கம் எதற்கு என்று நான் பெயரைக் கொண்டே இணைத்தேன். இணைத்துப் பார்த்தால், நெடுந்தீவில் ஒரே ஊரில் 'க. நாகலிங்கம்' மூன்று தடவை. அதைப்போல இன்னும் பல. ஒரே ஆள் இரண்டு மூன்று முறை பதிந்து பொருள் வாங்குகிறார் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரைத் திருத்துகிற வயது.

அந்த மென்பொருளில் நீக்குவதற்கு இரண்டு படி. முதற் கட்டளை வரிக்கு ஓர் அடையாளம் மட்டும் போடும். மனம் மாறினால் எடுத்துவிடலாம். இரண்டாவது கட்டளை அடியோடு துடைத்துவிடும். நடுவில் ஒருக்கால் யோசிக்கட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். நான் மூச்சுக்கூட விடாமல் இரண்டையும் அடித்து, ஒரு பெயருக்கு ஒரு வரி மட்டும் விட்டேன். பிரதி எடுத்து வைத்தேனா என்று கேட்காதீர்கள். (புது பிளாப்பிகள் பெட்டியோடு இருந்தன. உறையைப் பிரிக்க மனம் வரவில்லை.)

ஓரத்தில் ஓட்டை போட்ட தாளில், அகரவரிசைப்படி அறிக்கை கறகறவென்று வந்து விழுந்தது. பொறுப்பதிகாரி அதை இரண்டு கையாலும் வாங்கினார். அந்தக் கணக்குப்படியே மூட்டைகள் வள்ளத்தில் ஏறின. என் பட்டியலை நானே வாசிக்க வேண்டுமென்று நானும் ஏறி, அலை ஆட்டத்தில் வழிநெடுகச் சத்தியெடுத்துக்கொண்டு நெடுந்தீவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கல்மதில் ஓரமாகச் சனம் வரிசையில் நின்றது. "க. நாகலிங்கம்" என்று கூப்பிட்டேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர்தான் வரவேண்டும் என்றேன்.

"தங்கச்சி, நான் கந்தையாவின்ரை மேன். இவன் கனகசபையின்ரை மேன்," என்றார் மூத்தவர். "எங்கடை தேப்பன்மார் மூண்டு சகோதரங்கள். மூத்த பெடியளுக்கு மூண்டு பேரும் தங்கடை அப்புவின்ரை பேரைத்தான் வைச்சவை. ஏன், இராசநாயகத்தார் சொல்லேல்லையோ? நான் மாட்டுக்காரன், இவன் பனையடி."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பதிவேட்டில் தகப்பன் பெயருக்கு முதலெழுத்து மட்டும்தான். ஆளை ஆள் பிரித்துக் காட்டியது அந்தப் படங்கள். நான் தேவையில்லை என்று விட்ட ஒரே விவரம்.

பிறகு ஒரு பெண் முன்னால் வந்தார். மூன்றாமவரான கணபதிப்பிள்ளையின் மகனுடைய மனைவி. வள்ளம் கீறியிருந்த அந்த நாகலிங்கம் கடலுக்குப் போய் ஏழு மாதம், இன்னும் திரும்பவில்லை. அந்தப் பெண் மூட்டைகளைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"அவற்ரை பேரும் இருந்தது. இப்ப எடுத்துப்போட்டினமோ? உங்களுக்கு ஏதும் அறிவிச்சவையோ, தங்கச்சி?"

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. அலுவலகத்துக்கு ஏதோ செய்தி வந்து, அதனால்தான் பெயரை வெட்டியிருக்கிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற பெண்கள் அவரைப் பிடித்துக்கொள்ளத் தயாராகக் கிட்ட வந்தார்கள்.

"இல்லையக்கா," என்றேன். "ஒருத்தரும் ஒண்டும் அறிவிக்கேல்லை. நான்தான் தெரியாமல் அழிச்சனான்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நல்லது. அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "அப்பாடா, நீர்தானே அழிச்சது," என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் தாங்க ஏலாது.

மாட்டுக்காரர் தன் மூட்டையைப் பிரித்து மூன்று பங்காக்கினார். மற்ற வீடுகளிலும் அப்படித்தான் நடந்தது. கடல் கொந்தளித்ததால் அடுத்த வள்ளம் போகப் பத்து நாளாயிற்று. அலுவலகம் திரும்பியதும் நான் செருப்பைக் கழற்றிவிட்டு இராசநாயகம் அண்ணையின் மேசைக்குப் போனேன். அவர் ஏசவில்லை. படம் படமாக ஆளைச் சொன்னார், நான் இலக்கம் கொடுத்து எல்லோரையும் திரும்ப ஏற்றினேன். மாடு, பனை, வள்ளம் என்று எழுதப் பட்டியலில் ஒரு நிரலும் சேர்த்தேன். அடுத்த வருடம் சண்டை வந்து நாங்கள் எல்லோரும் தீவை விட்டு ஓடியபோது பெட்டியும் பதிவேடும் அங்கேயே கிடந்தன. அந்தப் பெண் என்ன ஆனாரென்று தெரியாது.

அதிலிருந்து எனக்கு இரண்டாவது கட்டளை கை வராது. வேலையிலும் சரி, வீட்டிலும் சரி. உடைந்த குடை, பழைய பில், எழுதாத பேனை எல்லாவற்றிலும் ஒரு துண்டு ஒட்டி அலுமாரியில் வைத்துவிடுவேன். விருந்தாளி வந்தால் என் மகள் அலுமாரியைத் திறந்து காட்டி, "அம்மா ஒண்டையும் எறிய மாட்டா, அடையாளம் மட்டும் போடுவா," என்று சொல்லிச் சிரிக்க வைப்பாள். போன மாதம் என் தொலைபேசியை வாங்கிப் பார்த்தவள், இறந்துபோன அவளுடைய அப்பாவின் இலக்கம் இன்னும் அதில் கிடப்பதைக் கண்டாள். அன்றைக்கு மட்டும் பகிடி விடவில்லை. தொலைபேசியைத் திருப்பித் தந்தாள்.