கதவு மூடும் அலமாரி

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வண்டியையாவது ஒட்டி முடித்துவிடுவது என்று சபதம் செய்தேன். என் கஷ்டகாலம் அங்கேதான் ஆரம்பித்தது.

எனக்கு மாடல் வண்டிகள் என்றால் பைத்தியம். லாரி, டாங்கி, கப்பல், விமானம் என்று நிஜத்தை அப்படியே கையகலத்துக்குச் சுருக்கி, நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் போட்டு விற்பார்கள். வாங்க வேண்டும், ஒட்ட வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும். இதில் வாங்குவதை மட்டும் நான் பதினோரு வருஷமாகத் தவறாமல் செய்துவருகிறேன். மற்றதற்கெல்லாம் நேரம் கூடிவர வேண்டாமா?

என் மனைவி இவற்றைப் பொம்மை என்பாள். பொம்மை இல்லை, மாடல் என்று பலமுறை திருத்தியிருக்கிறேன். சரி, மாடல் பொம்மை என்பாள். படுக்கையறை அலமாரியை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கதவு மூட வேண்டும். என்றைக்கு மூடவில்லையோ, அன்றைக்கு அத்தனையும் அவள் அக்கா பிள்ளைகளுக்கு. அவர்கள் கைபட்டு முழுசாகத் திரும்பிய பொருளை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆனால் யாரிடம் சொல்கிறாள்? நான் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். எட்டாயிரம் சாமானில் எது எந்தத் தட்டில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சனிக்கிழமைதோறும் பழைய மாடல் விற்கும் கடையிலிருந்து ஒரு பெட்டியாவது வாங்கிவருவேன். செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, அவள் குளிக்கப் போனதும் உள்ளே கடத்துவேன். அவளும் சனிக்கிழமை மட்டும் அரைமணி நேரம் குளிப்பாள். ஒன்றைப் படுக்கவைத்து, ஒன்றைச் சாய்த்து, சந்துபொந்தெல்லாம் செருகிவிட்டுச் சாத்தினால் கதவு பதவிசாக மூடும். ஒரு வாரம்கூட மூடாமல் போனதில்லை. அடுக்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று என் முதுகை நானே தட்டிக்கொள்வேன்.

சபத ஞாயிறன்று மேலாக இருந்த தீயணைப்பு வண்டியை எடுத்தேன். முந்தின நாள்தான் வாங்கியது. கடைக்காரரை வாடிக்கைக்காரர்கள் நாங்கள் கோந்து அண்ணன் என்போம். லேசில் கிடைக்காத சரக்கு என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்துதான் கொடுத்தார். பெட்டியைத் திறந்து செய்முறைத் தாளை விரித்தேன். ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: 'வரும் ஞாயிறு கட்டாயம் தொடங்க வேண்டும்.'

என்னைப் போலவே ஒரு ஜீவன் எங்கேயோ இருக்கிறது என்று நெகிழ்ந்துபோனேன். பிறகு கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தேன். என்னுடையது. எதில் எழுதினாலும் கையெழுத்தும் தேதியும் போடுவது கிடங்குப் பழக்கம். தேதி, நாலு வருஷத்துக்கு முந்தையது.

தாளைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வண்டி நம்ம வீட்ல ஏற்கெனவே இருந்துச்சா?"

"இருந்துச்சே."

"அப்புறம் கடைக்கு எப்படிப் போச்சு?"

"நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். புதன்கிழமையானா ஒண்ணு ரெண்டு கொடுப்பேன்."

"என்னைக் கேக்காமயா?"

"நீங்க என்னைக் கேட்டா வாங்கினீங்க?"

எத்தனை நாளாக நடக்கிறது இந்தக் கூத்து என்று கேட்டேன்.

"மூணு வருஷமா. ஒருநாள் நீங்க வேலைக்குப் போனதும் கதவு படார்னு தெறந்துக்கிச்சு. அக்கா பசங்களுக்குக் கொடுக்கத்தான் எடுத்தேன். மனசு வரலை. பெட்டியை ஒளிச்சு எடுத்துட்டு வரும்போது உங்க மூஞ்சியில ஒரு சந்தோஷம் இருக்கே, அதைக் கெடுப்பானேன்? இந்தத் தீயணைப்பு வண்டியை இதோட மூணு தடவை வாங்கிட்டீங்க. மூணு தடவையும் அதே சந்தோஷம்."

விற்ற காசில்தான் வாஷிங் மெஷின் வந்ததாம். அவள் அண்ணன் வாங்கிக் கொடுத்ததாக நினைத்து, நான் இத்தனை நாளாக மச்சானைக் கண்டால் எழுந்து நின்றுகொண்டிருக்கிறேன்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இனி ஒரு பெட்டிகூட வாங்கப்போவதில்லை என்று அறிவித்தேன். சரிங்க என்று அடுத்த துணியை எடுத்தாள். அந்த ரோஷம் புதன்கிழமை வரை நன்றாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை கை நமநமவென்றது. சனிக்கிழமை காலையில் சோறு இறங்கவில்லை. கடைக்குப் போகாமல் இருப்புக் கொள்ளாது. போய் வாங்கினால் வைக்க இடமில்லை; நான் வாங்கமாட்டேன் என்றதால் அந்தப் புதன்கிழமை அவள் எதையும் எடுக்கவில்லை. வேறு வழி தெரியாமல் நானே மூன்று பெட்டிகளை எடுத்துப் பையில் போட்டு அவள் முன்னால் வைத்தேன்.

"கடைப் பக்கம் போனா இதைக் கோந்து அண்ணன்கிட்ட கொடுத்துட்டு வந்துடேன்."

பையைப் பிரித்துப் பார்த்தவள், ஒரு பெட்டியை எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"ரெண்டு போதுங்க. போன வாரம் கொடுத்ததுல ஒண்ணை நீங்க இன்னும் வாங்கலை."