மூன்று கிலோ தள்ளுபடி

யாருக்கும் தெரியாமல் கெடுத்ததை யாருக்கும் தெரியாமலே சரிசெய்துவிடுவது என்று, வேலை முடிந்து பேருந்தில் ஏறும்போதே முடிவெடுத்துவிட்டார் தராசு மெக்கானிக். ஐந்து நிமிட வேலை. அதோடு ஏழு வருடப் பாவம் தீர்ந்துவிடும் என்று நம்பினார். நம்புகிறவரை நாம் ஏன் தடுக்க வேண்டும்?

தெருவில் அவருக்கு 'முள்' என்று பெயர். தராசு முள் மாதிரி ஒல்லி. அதைப் போலவே எதிரே இருப்பவரின் கனத்தைச் சொல்லாமல் இருக்க மாட்டார். மனைவி கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். பதினைந்து வயது மகள் அம்மாவை உரித்து வைத்திருந்தாள். சாப்பாட்டில் அவர்கள் இரண்டாவது முறை எடுத்துப் போட்டுக்கொண்டால் இவர் தொண்டையைக் கனைப்பார். மூன்றாவது முறை என்றால் பிரசங்கம்.

பாவம் என்றது இதைத்தான். ஏழு வருடத்துக்கு முன்னால், பழுதுபார்க்கக் கொடுத்தவர் திரும்ப வாங்க வராத ஒரு எடை பார்க்கும் இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறை வாசலில் வைத்தார். மனைவி பயந்துபோய்ச் சாப்பாட்டைக் குறைக்கட்டும் என்று, அடியிலுள்ள சக்கரத்தைத் திருகி, மூன்று கிலோ கூட்டிக் காட்டும்படி செய்தார். அப்படிச் செய்தால் ஆள் ஏறாதபோதும் முள் மூன்றில் நிற்குமே! அதை மறைக்க, பூஜ்யத்திலிருந்து மூன்று வரை தெரியாதபடி கண்ணாடியின் மேல், தொழிலில் பயன்படுத்தும் சீட்டு ஒன்றை ஒட்டினார். 'சோதிக்கப்பட்டது. சரியாக உள்ளது.' கீழே அவர் கையெழுத்து.

தான் ஏறும்போது மட்டும் மனதுக்குள் மூன்றைக் கழித்துக்கொள்வார். அதே வாரம் டீயில் சர்க்கரையையும் நிறுத்தியிருந்தார். ஒரு காலை ஏறிப் பார்த்தால், அறுபதாக இருந்தவர் ஐம்பத்தேழு! ஒரே வாரத்தில் மூன்று கிலோ! அன்று பிடித்தது, மன உறுதி இருந்தால் யாரும் இளைக்கலாம் என்ற பேச்சு. கடையில், பேருந்தில், உறவினர் வீட்டில், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொன்னார்.

இன்று மருத்துவமனையில் உடல் எடைப் பிரிவின் தராசுகளைச் சோதிக்கப் போன இடத்திலும் சொன்னார். வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம், யாரும் கேட்காமலே. அந்தப் பெண் பையை மடியில் இழுத்து வைத்து வயிற்றை மறைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து பார்த்த டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

உடல் எடையோடு தொடர்புள்ள ஜீன்கள் நிறைய இருக்கின்றன என்றார். அவற்றில் பல வேலை செய்வது வயிற்றில் அல்ல, மூளையில். பசி எப்போது எடுக்க வேண்டும், போதும் என்று எப்போது தோன்ற வேண்டும் என்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. ஒருவருக்கு அந்தப் 'போதும்' சீக்கிரம் கேட்கும், இன்னொருவருக்குத் தாமதமாக. எல்லாமே அதுதான் என்று இல்லை, ஆனாலும் நாம் நினைப்பதைவிட அதிகம். மெக்கானிக் விடவில்லை. அப்படியானால் தன் மன உறுதி என்று இழுத்தார்.

"பசியை அடக்கிட்டோம்னு நினைக்கறீங்க," என்றார் டாக்டரம்மா. "அடக்கற அளவுக்கு உங்களுக்குப் பசியே எடுத்திருக்காது."

பேருந்து முழுக்க அந்த வாக்கியம்தான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தது. போன பிறந்தநாளில் மகள் இரண்டாவது துண்டு கேக்கை எடுத்தபோது, "போதுமே" என்று இவர் சிரித்துக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது. அவள் துண்டைத் திரும்ப வைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போகும் பழக்கம். படிப்பு அதிகம் என்று அவர் நினைத்துக்கொண்டார். இல்லை, நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் இயந்திரத்தின் முன் குந்தினார். முதலில் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார்.

முள் பூஜ்யத்தில் நின்றது.

கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். நகரவில்லை. பின்னால் துண்டோடு மனைவி நின்றிருந்தாள்.

"தேடறது கிடைக்கலையா?"

"இல்ல... இது மூணுல..."

"கொண்டுவந்த மறுவாரமே பத்து கிலோ மாவுப் பையை வச்சுப் பாத்தேன். பதிமூணுன்னுது. அடியில சக்கரம் இருந்துது, திருகிட்டேன்."

"எங்கிட்ட சொல்லலையே?"

"நீங்க எங்கிட்ட சொன்னீங்களா?"

அவர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். மறுவாரம். ஐம்பத்தேழு. டீ. சர்க்கரை. ஏழு வருடம் சர்க்கரையில்லாத டீ.

"அப்ப நான் குறைஞ்ச அந்த மூணு கிலோ?"

"நான் குறைச்சது. நீங்க என்னிக்கும் அறுபதுதான். ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க, கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அவளிடம் தப்புதான் என்று மட்டும் சொன்னார். அதை மகளிடம் போய்ச் சொல்லுங்கள் என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் போய்விட்டாள்.

மகள் தன் அறையில் மேசையில் தட்டை வைத்து, சாப்பிட ஆரம்பிக்கப் போகிற நேரம். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். சீட்டு, சக்கரம், டாக்டரம்மா சொன்னது, எல்லாம்.

"தெரியும்ப்பா," என்றாள் அவள். "அம்மா திருகினப்ப டார்ச் பிடிச்சதே நான்தான்."

"தராசு சரியா இருக்குன்னு தெரிஞ்சும் ஏம்மா தனியா சாப்பிடறே?"

"தராசு சரியாத்தான்ப்பா இருக்கு. நீங்க என் தட்டையே பாக்கறீங்க."

ஆயிரம் தராசைத் திருகிய கைக்கு இதில் எங்கே திருகுவது என்று தெரியவில்லை. அவர் கண் கலங்கியது. இனிமேல் என் தட்டை மட்டும்தான் பார்ப்பேன், தலையே நிமிர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். எதிரே கரண்டி பாத்திரத்தில் படும் சத்தம் ஒரு முறை கேட்டது, இன்னொரு முறை கேட்டது. தொண்டை தானாகக் கனைக்க வந்தது. தண்ணீரைக் குடித்து அடக்கினார். வாழ்க்கையில் அவர் நிஜமாகவே எதையாவது அடக்கியது அதுதான் முதல் தடவை. இதற்குள் மனைவி அவர் தட்டிலும் மூன்றாவது முறை போட்டுவிட்டாள்.

"போதும்மா," என்றார் தட்டைப் பார்த்தே.

"சும்மா சாப்பிடுங்க. மூணு கிலோ கழிச்சுக்கலாம்."

மகள் சிரித்துவிட்டாள். அந்த மேசையில் அவள் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகிறது என்று அவருக்கு ஞாபகமில்லை. எப்படிச் சிரிக்கிறாள் என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

"உங்க தட்டைப் பாத்து சாப்பிடுங்க," என்றாள் மனைவி.