முப்பத்தெட்டுக்கு இரண்டு

நாற்பது சீட்டில் முப்பத்தெட்டைக் கணவனே அள்ளிவிட்டான். நர்ஸின் கையில் மிஞ்சியவை இரண்டே இரண்டு: குடை, வெங்காயம்.

வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் அவளுக்கு இரண்டு வருட வேலை காத்திருந்தது. அந்த ஊர் மொழித் தேர்வுக்கு இன்னும் இருபது நாள். புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி வந்ததால் படச் சீட்டுக்கட்டு ஒன்று வாங்கி வந்தாள். சீட்டைத் திருப்பியதும், படத்தின் பெயரை அந்த மொழியில் சொல்லி யார் முதலில் அதன்மேல் அடிக்கிறாரோ அவருக்கே சீட்டு. ஆட ஆள் வேண்டுமே என்று கணவனைக் கூப்பிட்டதுதான் வினை.

அவன் தையல்காரன். கண் அளப்பதற்குள் கை வெட்டிவிடும்.

"படிக்க வேண்டியது நானா, நீங்களா?"

"நீதான். நான் சும்மா துணைக்கு."

"துணைக்கு வந்தவரு இந்த அடியா அடிப்பாரு? கொஞ்சம் விட்டுக்கொடுங்க."

"சரி, இடது கையால ஆடுறேன்."

இடது கையால் முப்பத்தாறு எடுத்தான்.

மறுநாள் நடுவராக இருக்கட்டும் என்று நாத்தனாரை அழைத்தாள். நாத்தனார் இரண்டு ஆட்டம் பொறுமையாகப் பார்த்தாள். மூன்றாவதில், "அண்ணி, கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து நர்ஸுக்கு மூன்றாம் இடம்.

நர்ஸ் ஆட்ட விதியையே மாற்றினாள். வெறும் பெயர் போதாது, முழு வாக்கியம் சொல்ல வேண்டும். கணவன் அடுப்புப் படத்தின்மேல் அடித்து ஏதோ முழங்கினான். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். நர்ஸ் அகராதியைப் புரட்டித்தான் அர்த்தம் கண்டுபிடித்தாள்: 'என் மனைவி அடுப்பைவிடச் சூடானவள்.'

சீட்டுக்கட்டைக் கைப்பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்விட்டாள். சாயங்காலம் திரும்பினால், சட்டைக்குள் வைக்கும் அட்டைகளை வெட்டி நூற்றிருபது புதுச் சீட்டு செய்து வைத்திருந்தான். ஊசி, கட்டு, காய்ச்சல், மூச்சுத்திணறல்.

"நான் போறது உங்களுக்குப் பிடிக்கல. அதான் தோக்கடிச்சுத் தோக்கடிச்சே என்னை உக்கார வெக்கப் பாக்குறீங்க!"

அவன் பல்லால் நூலைக் கடித்துத் துப்பினான். "பேசினது போதும். சீட்டைத் திருப்பு."

ஆத்திரத்தோடு திருப்பினாள். குளிக்கும்போதும் வாய் முணுமுணுத்தது. பஸ்ஸில் போகையில் விளம்பரப் பலகையில் குதிரையைக் கண்டு கத்திக்கொண்டே முன் இருக்கையை அடித்தாள். அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கியே போய்விட்டார். ஆனாலும் கடைசி ஆட்டத்தில் கணவனிடம் இரண்டு சீட்டு வித்தியாசத்தில் தோற்றாள்.

தேர்வு நாளன்று தேர்வாளர் முதல் படத்தை மேஜையில் வைத்துக் கையை எடுப்பதற்குள் பட்டென்று விழுந்தது அடி. பத்துப் படம், பத்து அடி, பத்தும் சரி. கடைசிப் படத்தை அவர் ஸ்கேலால் தள்ளிவிட்டார். சிவந்த விரல்களை உதறிக்கொண்டே 'தேர்ச்சி' என்று எழுதினார்.

நர்ஸ் வெளியே வந்தாள். இனி இரண்டு வருடம் அந்த மனுஷன் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. அப்படி நினைத்தவளின் விரல்கள் ஏனோ கைப்பைக்குள் சீட்டுக்கட்டைத் தேடின. முத்திரை குத்த விண்ணப்பத்தை வாங்கிய குமாஸ்தா, விலாசத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தத் தையல்காரர் சம்சாரமா நீங்க? 'பொண்டாட்டியோட நானும் போகணும்'னு போன வாரமே வந்து இதே தேர்வுல தேறிட்டாரும்மா... எங்க மேஜைக் கண்ணாடிதான் தேறல!"