வீட்டுக்குள் ஓட்டு எண்ணுகிறவர்

தேர்தலில் தோற்றவர்களை நீங்கள் எத்தனையோ பேர் பார்த்திருப்பீர்கள். ஒரு மாதம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடப்பார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். அந்த ஜாதியை விடுங்கள். நான் சொல்ல வந்தது, தோற்ற பிறகு ஊரை மன்னித்துவிட்டு வீட்டைப் பிடித்துக்கொள்கிறவரைப் பற்றி. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். காலையில் பேப்பரைப் பிரித்து டில்லியைத் திட்டி, மதராஸைத் திட்டி, குழாயில் தண்ணீர் விடாத நகராட்சியைத் திட்டி, எல்லாம் முடிந்து பேப்பரை மடிக்கிறபோது அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

திருப்பூரில் ஆறு தையல் மெஷின் போட்டுப் பனியன் கம்பெனி நடத்திய அர்த்தநாரி இந்த இனத்தில் முதல் தரம். நகராட்சித் தேர்தலில் தராசுச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். விழுந்தது நாலு ஓட்டு. ஊர் போடாததில் அவருக்கு வருத்தமே இல்லை. ஊருக்கு என்றைக்கு அறிவு இருந்தது? ஆனால் வீட்டிலேயே ஓட்டு ஐந்து. அவர், மனைவி செல்லாத்தாள், மகன் லிங்கசாமி, மருமகள் சாரதாமணி, அங்கேயே தங்கிச் சாப்பிடும் கட்டிங் மாஸ்டர் கன்னையன். ஐந்தில் நாலு விழுந்தால் துரோகி ஒருவர். அந்த ஒருவரைக் கண்டுபிடித்து வீட்டைவிட்டு அனுப்பாமல் ஓய்வதில்லை என்று சொல்லிவிட்டார்.

இரண்டு வருஷம் நடந்தது விசாரணை. ரசத்தில் உப்புக் குறைந்தால், "இது ஆரு வெச்ச ரசம்?" என்பார். அதில் அரசியல் இருந்தது. சந்தையில் ஒரு தராசு வாங்கி வந்து, சாப்பிடும் இடத்துக்கு நேராகத் தொங்கவிட்டு, அதைப் பார்த்ததும் யார் முகம் வாடுகிறது என்று கவனித்தார். பார்க்காமல் சாப்பிட்டால் குற்றவாளி. பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் நடிக்கிற குற்றவாளி. செல்லாத்தாளை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள். கேட்டு, வேறு மாதிரிப் பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

ஒரு நாள் மத்தியானம் தீர்ப்பு வந்தது. மூலனூரில் சம்பந்தி வீட்டுக் கூரையில் ஒரு கட்சிக் கொடி பறப்பதாக யாரோ சொல்லிவிட்டார்கள்.

"லிங்கசாமி, சோறு உண்டதும் சாரதாமணியக் கொண்டுபோய் அவங்கப்பன் ஊட்டுல உட்டுட்டு வா," என்றார்.

சாரதாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. செல்லாத்தாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவள எதுக்குங்க அனுப்பறீங்க? நாந்தானுங்க போடல. நீங்க ஜெயிச்சா, தண்ணி வரலைன்னு ஊரே கொடத்தத் தூக்கிட்டு நம்ம வாசல்ல வந்து நிக்குமுங்க. நா எத்தன பேருக்குப் பதில் சொல்றது?"

அர்த்தநாரியின் கை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. துரோகி கிடைத்தாயிற்று, விஷயம் முடிந்தது என்கிறீர்களா? லிங்கசாமி தொண்டையைக் கனைத்தான்.

"அம்மாவ ஒண்ணுஞ் சொல்லாதீங்கப்பா. நானும் போடலீங்க. போடலாம்னுதான் இருந்தனுங்க, அதுக்குள்ள உங்க பிரசங்கத்தக் கேட்டுட்டனுங்க."

கன்னையன் இலையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நா போட்டனுங்க மொதலாளி. சைக்கிள் சின்னத்துக்காரரும் வந்து கும்புட்டாருங்களா, பாவமேன்னு அவருக்கும் ஒரு குத்து குத்திப்போட்டனுங்க."

அதாவது செல்லாத ஓட்டு. பாக்கி மருமகள் ஒருத்திதான்.

"நா எங்கப்பன் கட்சிக்குங்க மாமா," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அர்த்தநாரிக்கு அழுகை வந்தது. ஒருவர் என்றால் வீட்டைவிட்டு அனுப்பலாம். நாலு பேரையும் அனுப்பிவிட்டுச் சோற்றுக்கு எங்கே போவது? விரலை மடக்கினார், நீட்டினார், மறுபடி மடக்கினார். மெல்ல முகம் தெளிந்தது.

"அப்ப என்னுது போக மிச்சம் மூணு ஓட்டு ஆரு போட்டது?"

யாருக்கும் தெரியவில்லை. உறவில்லை, சம்பளம் வாங்கவில்லை, ஒரு வாய்க் காப்பிகூட இவர் வீட்டில் குடித்ததில்லை, ஆனாலும் மூன்று பேர் தேடிப் போய்த் தராசில் குத்தியிருக்கிறார்கள். கையைக் கழுவினார், சட்டையை மாட்டினார், வெளியே கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து எதிரே வருகிற எல்லோருக்கும் கும்பிடு. டீக்கடை அய்யூப் பாய் ஒரு மடக்கு கூடுதலாக ஊற்றிவிட்டால் போதும், அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவார். "அந்த மூணு பேருக்காகவாவது அடுத்த தடவயும் நிக்கோணும்," என்று வீட்டில் அறிவித்துவிட்டார்.

இப்போது விசாரணை செல்லாத்தாள் கைக்கு வந்திருக்கிறது. வீதிக்குழாயில் குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறவளிடம் மெதுவாகக் கேட்கிறாள்: "ஏனுங்கக்கா, போன தடவ தராசுக்குப் போட்டவங்க உங்க ஊட்டுல ஆராச்சும் இருக்கறாங்களா? கையில கால்ல உழுந்தாவது சொல்லிப்போடறனுங்க, இன்னொருக்கா போட வேண்டாம்னு."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்றுச் சாப்பிடும்போது சர்க்கார் நடக்கிற லட்சணத்தைப் பற்றி நீங்கள் அரை மணி நேரம் பேசினீர்களே, அப்போது வீட்டில் எல்லோரும் தலையாட்டினார்கள் இல்லையா? நீங்களும் ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டுதான் வந்தீர்கள். எல்லாத் தலையும் ஆடியது, உங்களுக்கும் திருப்தி. நீங்கள் தேர்தலில் நிற்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் வீட்டு ஓட்டை இன்னும் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.