மீசையில் ஒட்டிய முட்டை

தாராவியில் மனிதர்கள் எல்லாரையும் சந்தேகித்து, கோழிகளை மட்டும் முழுசாக நம்பிய ஒரே ஆத்மா எங்கள் கண்டக்டர் அண்ணாச்சிதான். பம்பாய் டிராமில் டிக்கெட் கிழித்துக் கிழித்து அவருக்கு அப்படி ஒரு கண் வந்திருந்தது. கோயிலில் கண்மூடி நிற்பவனைக்கூட, 'இவன் டிக்கெட் எடுத்திருப்பானா?' என்றுதான் பார்ப்பார்.

யுத்த காலம். முட்டை கிடைப்பதே அபூர்வம். ஒற்றை அறைகள் வரிசையாக இருந்த எங்கள் சாளின் பின்புறம் ஒரு மரப்பெட்டியில் அண்ணாச்சி நாலைந்து வெடக்கோழிகள் வளர்த்தார். முதல் முட்டைக்கு அடையாளமாக அவற்றின் கொண்டை சிவந்ததும், மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானவர் போல நடமாடினார்.

அடுத்த அறையில் நான். மலேரியாவில் விழுந்து, ஆபீஸுக்கு லீவு போட்டுக் கிடந்தேன். என் உடம்பில் மீசை ஒன்றுதான் கனமாக மிஞ்சியிருந்தது.

ஒருநாள் மதியம் கோழி கொக்கரித்தது. சாயங்காலம் அண்ணாச்சி வந்து வைக்கோலைக் கிளறினார். முட்டை இல்லை. மறுநாளும் கொக்கரிப்பு மட்டும்தான் இருந்தது.

"பகல்ல சாள்ல யாருவே இருக்கா?"

"நான்தான் அண்ணாச்சி."

"ம்" என்றார். அந்த ஒரு 'ம்'மில் என்னை ஓடுகிற டிராமிலிருந்து இறக்கிவிட்டார்.

மானத்தைக் காப்பாற்ற, அடுத்த நாள் பெட்டிக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். கோழி என்றால் எனக்கு உள்ளூரப் பயம் என்பதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வெயில் உச்சிக்கு ஏறியதும் செவலைக் கோழி முட்டையிட்டது. சின்ன முட்டை, காகிதம் போல ஓடு. கோழி எழுந்து திரும்பி, அதை ஒரு கண்ணால் பார்த்தது. மறு கண்ணாலும் பார்த்தது. பிறகு ஒரே கொத்து!

முட்டையைக் காப்பாற்றப் பாய்ந்தேன். காய்ச்சல் கால் தடுமாறி, முகம் பெட்டிக்குள் போய் விழுந்தது. கோழி பதறவே இல்லை. என் மீசையில் ஒட்டிய கருவிலும் பாதியைச் சாவகாசமாகக் கொத்தித் தின்றது. நான் போட்ட அலறலில் சாளே கூடிவிட்டது. பாழாய்ப்போன நேரம், அண்ணாச்சிக்கு அன்று காலை டூட்டி, மதியமே முடிந்துவிட்டது. அவரும் வந்து சேர்ந்தார்.

"கோழிதான் தின்னுச்சு அண்ணாச்சி! நான் தடுக்கத்தான் போனேன்!"

"கோழி தின்னா உம்ம மீசையில ஏம்வே ஒட்டுது?"

அவசரமாக மீசையைத் துடைத்தேன். அது சாட்சியத்தை அழித்தது போல ஆயிற்று.

தம்முடைய லீவு நாளில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அண்ணாச்சியே காவலுக்கு உட்கார்ந்தார். செவலை இட்டது, பார்த்தது, கொத்தியது. "ரோக்கோ! ரோக்கோ!" என்று அவர் எழுந்து கத்தினார். அந்தக் குரலுக்கு டிராமே நின்றுவிடும். செவலை நிற்கவில்லை. ஓட்டையும் தின்றுவிட்டு அலகைத் துடைத்துக்கொண்டது.

"திருட்டுக் கோழி அண்ணாச்சி, கொழம்பு வச்சிருங்க" என்றார் எதிர் அறைக்காரர். முதலில் தலையாட்டியவன் நான்தான்.

"சும்மா கெடயும்வே. சின்னப் புள்ள. மொத முட்டை. என்னதுன்னு அதுக்கே வெளங்கல" என்றார் அண்ணாச்சி.

மறுநாளே மாஹிம் கடற்கரையில் சிப்பி பொறுக்கி வந்து, இடித்துத் தீவனத்தில் கலந்தார். பெட்டிக்குள் இருட்டாக இருக்கட்டும் என்று சாக்குத் திரை போட்டார். கொஞ்ச நாளில் ஓடு கெட்டிப்பட்டது. செவலையும் கொத்துவதை மறந்தது.

முதன்முதலாகத் தப்பிப் பிழைத்த முட்டையை அவரே பொரித்து, தட்டோடு என் அறைக்கு வந்தார்.

"தின்னும்வே. காய்ச்சல் ஒடம்பு."

"உங்களுக்கு அண்ணாச்சி?"

"எனக்கு முட்டையே புடிக்காதுவே."

யுத்தத்துக்கு முன்னால் இரானி ஹோட்டலில் அவர் டபுள் ஆம்லெட் தின்பதை எத்தனையோ தடவை பார்த்தவன் நான். அதைச் சொல்லாமல் தின்றேன். கடைசி வாய் இறங்கும்வரை அண்ணாச்சி அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.